‘கேஸ் இல்லை’ என்னும் தீர்ப்பு

பேக்கரியில் கண்ணாடிக் கதவு போட்ட குளிர்பெட்டி குளிரவில்லை. மருத்துவமனையின் சில்லர் பத்து நிமிடம் ஓடி டிரிப் ஆகிறது. கிராமத்துப் பால் சங்கத்தில் பால் ஆறுவதற்குள் புளிப்பு தட்டிவிடுகிறது. மூன்றும் வெவ்வேறு இயந்திரங்கள். உள்ளே ஓடும் கேஸும் ஒன்றல்ல. ஆனால் மெக்கானிக் வந்து மேலோட்டமாகப் பார்த்ததும் சொல்லும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: “கேஸ் இல்ல சார், ஃபில் பண்ணணும்.” உரிமையாளரும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார். பணம் கைமாறும், சில வாரம் ஓடும், மறுபடியும் நிற்கும்.

இந்தத் தீர்ப்பு எந்த அளவுக்குச் சரி? குளிர்பதன இயந்திரங்கள் எதனால் பழுதாகின்றன, அதை எப்படிக் கண்டுபிடிப்பது, நம் ஊரில் அது ஏன் ஒழுங்காக நடப்பதில்லை என்ற கேள்விகளை ஒருசேர எடுத்துப் பார்த்தால், குற்றவாளிக் கூண்டில் கேஸ் நிற்க வேண்டிய சந்தர்ப்பங்கள் நாம் நினைப்பதைவிடக் குறைவு என்பது தெரியும். குறைந்திருந்தாலும்கூட அது நோயின் அடையாளம்தான், நோய் அல்ல.

ஜேக்கப் பெர்க்கின்ஸ் 1834-இல் லண்டனில் காப்புரிமை பெற்ற சுற்றுதான் இன்றைக்கும் ஓடுகிறது. கம்ப்ரசர் ஆவியை அழுத்துகிறது. கண்டென்சரில் அது வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகிறது. எக்ஸ்பான்ஷன் வால்விலோ கேபிலரி குழாயிலோ அழுத்தம் இறங்குகிறது. எவாப்பரேட்டரில் அது கொதித்து ஆவியாகும்போது சுற்றியிருக்கும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் கம்ப்ரசருக்குப் போகிறது. இது மூடிய சுற்று. டீசல் போலத் தீர்ந்துபோகும் பொருள் இதற்குள் எதுவும் கிடையாது. தொழிற்சாலையில் அடைத்த கேஸ் இருபது வருடம் கழித்தும் அப்படியே இருக்க வேண்டும். குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. பஞ்சர் ஒட்டாமல் காற்றடித்து மட்டும் அனுப்பும் சைக்கிள் கடைக்கு யாரும் இரண்டாம் முறை போவதில்லை. கேஸ் விஷயத்தில் வருடா வருடம் போகிறோம்.

காற்று, தண்ணீர், சுமை

அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டுவதற்கு முன்பே கண்ணால் பார்க்க வேண்டியவை நிறைய உண்டு. முதலாவது, கண்டென்சர் காயில். பேக்கரியில் மைதா மாவும், டீக்கடையில் எண்ணெய்ப் புகையும், பால் சங்கத்தில் வைக்கோல் தூசியும் அதன் தகடுகளுக்கிடையே கம்பளிபோல் அடைத்துக்கொள்கின்றன. வெப்பம் வெளியேற வழியில்லாமல் கண்டென்சர் பக்கத்து அழுத்தமான ஹெட் பிரஷர் ஏறுகிறது, ஆம்ப்ஸ் ஏறுகிறது, கம்ப்ரசர் சூடாகி ஓவர்லோடு அறுத்துவிடுகிறது. கடைக்காரருக்குத் தெரிவது ‘குளிரவில்லை’ என்ற ஒன்று மட்டும்தான். இந்த நிலையில் கேஸ் ஏற்றினால் ஹெட் பிரஷர் இன்னும் ஏறும். ஒரு பிரஷ்ஷும் தண்ணீர்க் குழாயும் அரை மணி நேரத்தில் தீர்த்திருக்கக்கூடிய கோளாறு, கம்ப்ரசரையே பலிவாங்கும் கோளாறாக மாறுவது இப்படித்தான். கண்டென்சரின் வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் மின்செலவு ஏறத்தாழ 2 முதல் 3 சதவீதம் ஏறும் என்பது தொழிலில் பொதுவாக ஒப்புக்கொண்ட கணக்கு. நின்றுபோகாமல் ஓடிக்கொண்டிருக்கும் அழுக்கு இயந்திரம்கூட மாதாமாதம் மின்கட்டணத்தில் அபராதம் வாங்குகிறது.

தண்ணீரால் குளிரும் பெரிய சில்லர்களில் தூசிக்குப் பதிலாக உப்புப் படிவு. சென்னையின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை அப்படியே கூலிங் டவரில் விடும் கட்டடங்களில் கண்டென்சர் குழாய்களுக்குள் வெள்ளைப் படலம் விரைவில் கட்டிவிடும். டவரில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. மிஞ்சும் தண்ணீரில் உப்பு ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் தண்ணீரில் ஒரு பகுதியை அவ்வப்போது வடித்து விடச் சொல்கிறார்கள். தண்ணீரை வீணாக்குகிறார்கள் என்று அந்த வால்வை மூடிவைக்கும் மேலாளர்கள் ஆசிட் வாஷுக்குச் செலவழிக்கிறார்கள். படிவு கட்டுவதை முன்கூட்டியே காட்டும் எண் ஒன்று உண்டு: அப்ரோச். கண்டென்சருக்குள் கேஸ் திரவமாகும் வெப்பநிலைக்கும் வெளியேறும் தண்ணீரின் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசம் அது. குழாய் சுத்தமாக இருக்கும்போது அது 1, 2 டிகிரியில் நிற்கிறதென்றால், மாதங்கள் செல்லச் செல்ல 4, 5 என்று ஏறுவது படிவின் வளர்ச்சி. தினமும் குறித்து வைத்தவருக்கு இது தெரியும். குறிக்காதவருக்கு, டிரிப் ஆகும் நாளில்தான் தெரியும்.

கூலிங் டவர் பேச்சு வரும்போது அமெரிக்காவின் பிலடெல்பியாவைக் குறிப்பிடாமல் விட முடியாது. 1976-இல் அங்கே ஒரு ஹோட்டலில் கூடிய முன்னாள் படைவீரர்கள் பலர் இனம்தெரியாத நிமோனியாவுக்குப் பலியானார்கள். அடுத்த வருடம் கண்டுபிடிக்கப்பட்ட லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா, வெதுவெதுப்பான தேங்கிய நீரில் வளர்வது. பராமரிக்காத கூலிங் டவரின் நீர்த்திவலை அதை மூச்சுக்குள் கொண்டுசேர்க்கும். டவரைக் கழுவுவது மின்சாரச் சிக்கனத்துக்காக மட்டும் செய்யும் வேலை அல்ல.

எவாப்பரேட்டர் பக்கம் வந்தால் கதை தலைகீழாகும். அங்கே காற்றோ தண்ணீரோ குறைந்தால் கம்ப்ரசர் உறிஞ்சும் பக்கத்து அழுத்தமான சக்‌ஷன் பிரஷர் இறங்கும். இறங்கிய முள்ளைப் பார்த்ததும் ‘கேஸ் கம்மி’ என்று சொல்லிவிடுவது மிக எளிது. கோல்டு ரூமில் டிஃப்ராஸ்ட் ஹீட்டர் எரிந்துபோய்க் காயில் முழுக்கப் பனி மூடியிருக்கலாம். கதவின் ரப்பர் கேஸ்கெட் கிழிந்து, வெளிக்காற்றின் ஈரமெல்லாம் உள்ளே வந்து உறைந்திருக்கலாம். விசிறி ஒன்று நின்றிருக்கலாம். பனி எங்கே படிந்திருக்கிறது என்பதே பாதி பதில். காயில் முழுவதும் சீராக மூடியிருந்தால் டிஃப்ராஸ்ட் அல்லது காற்றோட்டத்தைப் பாருங்கள். தொடக்கத்தில் மட்டும் பனி படிந்து மற்ற பகுதி காய்ந்திருந்தால் காயிலுக்குத் திரவம் போதவில்லை. அப்போதுதான் கேஸையும் வால்வையும் சந்தேகிக்க வேண்டும்.

சில்லர் பிளாண்டில் இதைவிட நுட்பமான ஏமாற்று ஒன்று நடக்கிறது. குளிர்நீர் 7 டிகிரியில் போய் 12 அல்லது 12.5 டிகிரியில் திரும்ப வேண்டும் என்ற கணக்கில்தான் பெரும்பாலான கட்டடங்கள் வடிவமைக்கப்படுகின்றன. 100 டன் சில்லரில் 5.5 டிகிரி வித்தியாசம் வர நொடிக்குச் சுமார் 15 லிட்டர் தண்ணீர் ஓட வேண்டும். அதே ஓட்டத்தில் தண்ணீர் 3 டிகிரி வித்தியாசத்தோடு திரும்பினால் அந்தச் சில்லர் சுமார் 55 டன் வேலைதான் செய்கிறது. மேலே நாலாவது மாடியில் வேர்க்கிறது, கீழே சில்லர் சோம்பலாக ஓடுகிறது. உரிமையாளர் சில்லர் கம்பெனியைத் திட்டுகிறார். காரணமோ மேலே ஏர் ஹேண்ட்லரின் ஃபில்டர் அடைத்திருப்பது, வால்வு திறந்தபடி சிக்கியிருப்பது, ஏதோ ஒரு மாடிக்கே தண்ணீரெல்லாம் போய்விடுவது. இரண்டு தெர்மாமீட்டர்களால் தீரும் இந்தச் சர்ச்சைக்காகக் கம்ப்ரசரைப் பிரித்தவர்கள் உண்டு.

‘டன்’ என்றால் 907 கிலோ ஐஸ் ஒரு நாளில் உருகும்போது இழுக்கும் வெப்பம், 3.517 கிலோவாட். ஐஸ்கட்டியைக் கப்பலில் விற்ற காலத்தின் எச்சம் அது. மாசசூசெட்ஸ் ஏரிகளில் வெட்டிய ஐஸைச் சேமிக்க 1842-இல் எழுந்த கட்டடம்தான் சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸ்.

சுமையையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1000 லிட்டர் பாலை 35 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்கு மூன்று மணி நேரத்தில் இறக்க 11.6 கிலோவாட், அதாவது 3.3 டன் தேவை. அந்த அளவுக்கென்று வாங்கிய தொட்டியில் 1400 லிட்டர் ஊற்றினால் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகத்தான் செய்யும். இயந்திரத்தில் எந்தப் பழுதும் இல்லை. சங்கத்தில் மாடுகள் கூடிவிட்டன, அவ்வளவுதான்.

மின்சாரம்

எரிந்துபோன கம்ப்ரசர்களைப் பிரித்துப் பார்க்கும் தயாரிப்பாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று: கம்ப்ரசர் தானாகச் சாவது அபூர்வம். திரவம் அடித்தது, எண்ணெய் வற்றியது, சூடேறியது, ஈரமோ அழுக்கோ புகுந்தது, மின்சாரம் கெடுத்தது என்று வெளிக்காரணம் ஏதாவது இருக்கும். அதைக் களையாமல் புதிய கம்ப்ரசர் மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும்.

மூன்று ஃபேஸ் மின்சாரத்தில் வோல்டேஜ் கூடுவதையும் குறைவதையும்விட, மூன்றும் ஒன்றுக்கொன்று சமமில்லாமல் இருப்பது கொடியது. கன்டாக்டரின் முனையில் அளந்தால் 415, 410, 390 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 405. அதிலிருந்து மிக விலகி நிற்பது 15 வோல்ட், அதாவது 3.7 சதவீதம். பார்க்கச் சிறிய எண். ஆனால் மோட்டார் சுருளின் வெப்ப உயர்வு இந்தச் சதவீதத்தின் வர்க்கத்தை இரட்டித்த அளவுக்குக் கூடும்: கால் பங்குக்கு மேல். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 2 சதவீதத்தைத் தாண்ட அனுமதிப்பதில்லை. கன்டாக்டரின் தேய்ந்த முனை, தளர்ந்த லக், ஒரே ஃபேஸில் ஏற்றிய கட்டடத்தின் விளக்குகள் எதுவும் இதற்குக் காரணமாகலாம். சர்வீஸ் பையில் கேஜ் இருக்கிறது, கிளாம்ப் மீட்டர் இல்லை என்றால் அந்த மெக்கானிக் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வந்திருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

ஜெனரேட்டர் மாற்றும்போதோ மின்வாரியம் கேபிள் மாற்றிய பிறகோ ஃபேஸ் வரிசை புரண்டுவிடுவதும் உண்டு. ஸ்க்ரோல் கம்ப்ரசர் தலைகீழாகச் சுற்றும்: சத்தம் கூடும், ஆம்ப்ஸ் குறையும், இரண்டு பக்க அழுத்தத்துக்கும் வித்தியாசமே வராது. அதைப் பார்த்து ‘பம்பிங் போயிடுச்சு’ என்று கம்ப்ரசரை மாற்றச் சொல்பவர்கள் உண்டு. இரண்டு வயர்களை இடம் மாற்றினால் சரியாகும் விஷயம். ஸ்க்ரூ கம்ப்ரசருக்கு அந்த அவகாசமும் கிடையாது; சில நொடிகள் தலைகீழாக ஓடினாலே உள்ளே சேதமாகிவிடும். ஃபேஸ் வரிசை ரிலே என்ற சிறிய பெட்டி அதற்காகத்தான் இருக்கிறது.

புயலுக்குப் பிந்தைய நாட்களில் இன்னொரு வகை மரணம் வருகிறது. வர்தாவோ மிக்ஜாமோ வந்து இரண்டு மூன்று நாள் மின்சாரம் இல்லாதபோது, கம்ப்ரசரின் அடியிலுள்ள கிராங்க்கேஸ் ஹீட்டரும் அணைந்திருக்கும். நின்றுபோன சுற்றில் கேஸ் மெல்ல நகர்ந்து எண்ணெயில் கரைந்து கிடக்கும். மின்சாரம் வந்த அடுத்த நிமிடமே ஸ்டார்ட் செய்தால் எண்ணெய் நுரைத்துப் பொங்கி, திரவம் வால்வை உடைக்கும். ஹீட்டரை மட்டும் 12 முதல் 24 மணி நேரம் ஓடவிட்டுப் பிறகு ஓட்டச் சொல்கின்றன கையேடுகள். குளிர்ச்சிக்குத் தவித்துக்கொண்டிருக்கும் மருத்துவமனையில் அந்தப் பொறுமையைப் பெற்றுத் தருவது, மெக்கானிக்கின் வேலையில் கடினமான பகுதி.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஜம்பர் போடும் பழக்கம். சில்லர் ‘ஃப்ளோ இல்லை’ என்று டிரிப் ஆகிறது, அவசரம், ஃப்ளோ சுவிட்சின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுகிறார்கள். சுவிட்ச் பழுதாக இருக்கலாம். உண்மையிலேயே தண்ணீர் ஓடவில்லை என்றால் எவாப்பரேட்டர் குழாய்களுக்குள் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும். குளிர்நீர் கேஸ் சுற்றுக்குள் புகும், கம்ப்ரசருக்குள் தண்ணீர் போகும். சில்லருக்கு நேரக்கூடியவற்றில் இதைவிட மோசமானது அநேகமாக எதுவும் இல்லை. பாதுகாப்பு சுவிட்சைத் தாண்டி வயர் போட்டவர் யாராக இருந்தாலும் அவரை அந்த பிளாண்டுக்குள் மறுபடி விடக் கூடாது என்பது என் கட்சி.

முள் காட்டுவதும் காட்டாததும்

இவ்வளவும் பார்த்த பிறகுதான் கேஜ். அதையும் சிறிய இயந்திரங்களில் யோசித்துத்தான் மாட்ட வேண்டும். ஐசோபியூட்டேனோ புரொப்பேனோ அடைத்த சிறு குளிர்பெட்டிகளில் மொத்தக் கேஸே நூறு கிராமைச் சுற்றித்தான் இருக்கும். ஹோஸை மாட்டிக் கழற்றுவதிலேயே அதில் ஒரு பங்கு போய்விடும். பழுது பார்க்க வந்த கைதான் பழுதை உண்டாக்குகிறது. அங்கே வெப்பநிலைகளையும் ஆம்ப்ஸையும் வைத்து முடிவுக்கு வர வேண்டும். கேஸ் போட்டே ஆக வேண்டுமென்றால் முழுவதும் எடுத்துவிட்டு, பெயர்ப்பலகையில் உள்ள கிராம் கணக்கைத் தராசில் நிறுத்துப் போட வேண்டும்.

பெரிய இயந்திரத்தில் முள் காட்டும் அழுத்தம் தனியாக எதையும் சொல்லாது. அதோடு ஒரு தெர்மாமீட்டர் சேர வேண்டும். ஆர்-22 என்ற கேஸ் ஓடும் இயந்திரத்தில் சக்‌ஷன் முள் 58 பி.எஸ்.ஐ. காட்டினால், எவாப்பரேட்டருக்குள் கேஸ் 0 டிகிரியில் கொதிக்கிறது என்று அட்டவணை சொல்லும். வெளியே வரும் குழாயின் மேல் சென்சார் வைத்து அளந்தால் 6 டிகிரி. இந்த வித்தியாசம் சூப்பர்ஹீட். 5 முதல் 8 வரை இருந்தால் பெரும்பாலான காயில்கள் நன்றாகச் சாப்பிடுகின்றன என்று பொருள். 18 என்று வந்தால் காயில் பட்டினி கிடக்கிறது. 1 என்று வந்தால் திரவமே கம்ப்ரசரை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. கண்டென்சர் பக்கம் 208 பி.எஸ்.ஐ. என்றால் 40 டிகிரி. திரவக் குழாய் 35 டிகிரியில் இருந்தால் 5 டிகிரி சப்கூலிங். கண்டென்சரில் திரவம் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதற்கு அதுவே அளவுகோல்.

இந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால் வழக்கு தெளிவாகிறது. சக்‌ஷன் குறைவு, சூப்பர்ஹீட் அதிகம், சப்கூலிங் குறைவு என்று மூன்றும் சேர்ந்து வந்தால் கேஸ் உண்மையிலேயே குறைவு. சக்‌ஷன் குறைவு, சூப்பர்ஹீட் அதிகம், ஆனால் சப்கூலிங் நன்றாக இருக்கிறது என்றால் கேஸ் இருக்கிறது, வழியில் மாட்டிக்கொண்டிருக்கிறது: ஃபில்டர் டிரையர் அடைத்திருக்கும், அல்லது எக்ஸ்பான்ஷன் வால்வின் பல்ப் கேஸை இழந்திருக்கும். டிரையரின் இரு முனைகளையும் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் தெளிவாகக் குளிர்ந்திருந்தால் அடைப்பு அங்கேதான். சக்‌ஷனும் குறைவு, சூப்பர்ஹீட்டும் குறைவு என்றால் காற்று அல்லது தண்ணீர் ஓட்டம் போதவில்லை. சக்‌ஷன் அதிகம், ஹெட் குறைவு என்றால் கம்ப்ரசரின் வால்வுகளைச் சந்தேகிக்கலாம். ஹெட்டும் சப்கூலிங்கும் அதிகமென்றால் யாரோ முன்பு தாராளமாகக் கேஸ் ஏற்றியிருக்கிறார்கள், இல்லையேல் உள்ளே காற்று இருக்கிறது. காற்றைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கம்ப்ரசரை நிறுத்திக் கண்டென்சர் விசிறியை மட்டும் ஓட்டி, காயில் வெளிக்காற்றின் வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். வெளியே 35 டிகிரி என்றால் ஆர்-22 சுமார் 182 பி.எஸ்.ஐ. காட்ட வேண்டும். 205 காட்டினால் மிஞ்சியது காற்று. முதல் வகையைத் தவிர மற்ற எதிலும் கேஸ் ஏற்றுவது மருந்து அல்ல. ஆனால் குறைந்த சக்‌ஷன் காட்டும் எல்லா வகையிலும் கேஸ் ஏற்றினால் முள் கொஞ்சம் உயரும், இரண்டு நாள் ஓரளவு ஓடும். தவறான வைத்தியம் பிழைத்துக் கிடப்பது இதனால்தான்.

பழைய மெக்கானிக்குகள் சக்‌ஷன் குழாயைக் கையால் பிடித்து, ‘வேர்த்திருக்கு, கேஸ் ஃபுல்’ என்பார்கள். அதை நான் ஏளனம் செய்ய மாட்டேன். ஆர்-22 விண்டோ ஏ.சி. காலத்தில், ஒரே வகை இயந்திரத்தை நூற்றுக்கணக்கில் பார்த்த கை அது. பல சமயம் சரியாகவே சொன்னது. இன்றைக்கு ஆர்-404ஏ, ஆர்-410ஏ, ஆர்-32, ஆர்-290 என்று கேஸ்களும், தானே வேகத்தை மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் கம்ப்ரசர்களும் வந்த பிறகு அந்தக் கைக்குப் பழைய ஆதாரம் போய்விட்டது. ஒரே குழாய் வெவ்வேறு வேகத்தில் வெவ்வேறு விதமாக வேர்க்கிறது.

ஓட்டையைத் தேடுதல்

கேஸ் உண்மையில் குறைந்திருந்தால் ஓட்டையைத் தேடுவதுதான் வேலை. எண்ணெய்க் கறை முதல் தடயம். கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் சேர்ந்து கசியும். ஃபிளேர் நட், சர்வீஸ் வால்வின் மூடி, அதிரும் குழாய் உரசும் இடம், கடற்கரைக் காற்றில் அரித்த காயில் என்று வழக்கமான ஒளிவிடங்கள் உள்ளன. உலர் நைட்ரஜனை ஏற்றிச் சோப்பு நுரை தடவிப் பார்ப்பது இன்றும் தோற்காத முறை. இரவு முழுக்க அழுத்தத்தில் விட்டுவைத்தால் வெப்பத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மாலை 35 டிகிரியில் 300 பி.எஸ்.ஐ. இருந்தது, விடியலில் 27 டிகிரிக்கு வந்தால் 292 ஆகும். அது கசிவு அல்ல, பௌதிகம்.

நைட்ரஜன் சிலிண்டர் கிடைக்கவில்லை என்று வெல்டிங் ஆக்சிஜனை ஏற்றுவது கொலைக்குச் சமம். அழுத்தப்பட்ட ஆக்சிஜன் கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும்.

ஓட்டையை அடைத்ததும் வாக்குவம். இங்கேதான் நம் ஊர் வேலை அதிகம் சறுக்குகிறது. இயந்திரத்தின் கம்ப்ரசரையே வைத்து இழுத்துவிட்டு, கொஞ்சம் கேஸைத் திறந்து காற்றை ‘பர்ஜ்’ செய்வதாகச் சொல்வது வாக்குவம் அல்ல. தனிப் பம்ப் வேண்டும், மைக்ரான் கேஜ் வேண்டும். 500 மைக்ரானுக்கு இறக்கினால்தான் உள்ளே ஒட்டியிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறும். பிறகு வால்வை மூடிக் காத்திருக்க வேண்டும்: முள் ஏறி ஓரிடத்தில் நின்றுவிட்டால் இன்னும் ஈரம் இருக்கிறது, நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் இன்னொரு ஓட்டை இருக்கிறது. புதிய கேஸ்களோடு வரும் பாலியால் எஸ்டர் எண்ணெய் காற்றின் ஈரத்தை ஆவலோடு உறிஞ்சும். அந்த ஈரம் எண்ணெயை அமிலமாக்கும், அமிலம் மோட்டார் சுருளின் வார்னிஷைத் தின்னும். ஏற்கெனவே எரிந்த கம்ப்ரசரை மாற்றும்போது சுற்றைக் கழுவி, சக்‌ஷன் பக்கம் அமிலம் உறிஞ்சும் டிரையர் போட்டு, சில நாளில் அதைக் கழற்றுவது வரை வேலை தொடர வேண்டும். நடைமுறையில் கம்ப்ரசர் மட்டும் மாறுகிறது.

கேஸ் ஏற்றுவதிலும் ஒழுங்கு உண்டு. கலவைக் கேஸ்களைச் சிலிண்டரைக் கவிழ்த்துத் திரவமாகத்தான் எடுக்க வேண்டும். ஆவியாக எடுத்தால் கலவையில் எளிதாக ஆவியாவது முதலில் வந்துவிடும்; ஆர்-407சி போன்றவற்றில் விகிதமே மாறிப்போகும். ஆர்-22 கிடைக்கவில்லை என்று எதையோ கலந்து போட்டால் அழுத்த அட்டவணை குப்பைக் காகிதமாகிவிடும். அடுத்து வரும் எந்த மெக்கானிக்கும் அந்த இயந்திரத்தைப் படிக்க முடியாது. எரியும் ஹைட்ரோகார்பனை, அதற்கென்று வடிவமைக்காத பெரிய இயந்திரத்தில் மலிவு என்று ஏற்றுவது இன்னும் ஆபத்து. போலிச் சரக்கின் உச்சம் 2011-இல் தெரிந்தது. ஆர்-134ஏ என்ற பெயரில் விற்ற போலிக் கேஸில் மெத்தில் குளோரைடு கலந்திருந்தது. அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டதும் தீப்பற்றும் பொருளை உண்டாக்கியது. குளிர்சாதனக் கப்பல் கன்டெய்னர்கள் வெடித்து வியட்நாமிலும் பிரேசிலிலும் மூன்று பேர் இறந்தார்கள்.

அம்மோனியா

காசிமேடு, நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று துறைமுகங்களை ஒட்டிய ஐஸ் ஆலைகளில் கேஸ் என்றால் அம்மோனியா. மலிவு, வெப்பத்தை இழுக்கும் திறன் அபாரம், ஓசோனுக்குக் கேடில்லை, பூமியைச் சூடாக்குவதும் இல்லை. செம்பையும் பித்தளையையும் அரிக்கும் என்பதால் குழாயும் கேஜும் எஃகில் இருக்க வேண்டும். இங்கே பழுது தேடும் முறை சற்று வேறு. அம்மோனியாவில் எண்ணெய் கரையாது, திரவ அம்மோனியாவைவிட எடையும் அதிகம். அதனால் எவாப்பரேட்டரின் அடியில் தேங்கிக் குளிர்ச்சியைத் தடுக்கும். ஐஸ் பார் உறையத் தாமதமானால் பிரைன் தொட்டியில் உப்பின் அடர்த்தியைப் பார்க்க வேண்டும் (நீர்த்துப்போனால் காயிலின் மேலேயே ஐஸ் கட்டும்). அடுத்து எண்ணெயை வடிக்க வேண்டும். அதற்கும் அடுத்து கண்டென்சரில் சேர்ந்த காற்றை வெளியேற்ற வேண்டும்.

எண்ணெய் வடிக்கும் வேளைதான் மிகவும் ஆபத்தான வேளைகளில் ஒன்று. எண்ணெய் தீர்ந்து திடீரென்று திரவ அம்மோனியா பீய்ச்சும். கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும் வால்வும், முகமூடியும், பக்கத்தில் இன்னொரு ஆளும் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது. வேலையிடத்தில் 25 பி.பி.எம். வரம்பு, 300 பி.பி.எம். உடனடி உயிராபத்து. கசிந்தால் காற்றடிக்கும் திசைக்குக் குறுக்கே ஓட வேண்டும். தேங்கிக் கிடக்கும் திரவ அம்மோனியாவின் மேல் தண்ணீர் ஊற்றினால் அது கொதித்துப் பெருகும். ஆவியை அடக்கத்தான் தண்ணீர்த் தூவல். 2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே ஒரு மீன் பதப்படுத்தும் ஆலையில் அம்மோனியா கசிந்து பெண் தொழிலாளர்கள் பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். இயந்திரத்தைப் பற்றி எதுவும் கற்பிக்கப்படாதவர்கள்தான் அதற்கு மிக அருகில் வேலை செய்கிறார்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆலையைப் பிரித்துப் பார்க்கவும், வால்வுகளை மாற்றவும், ஆட்களுக்குத் தப்பிக்கும் பயிற்சி கொடுக்கவும் அதைவிடத் தோதான காலம் கிடைக்காது.

யார் கூலி கொடுப்பது?

தொழில்நுட்பம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது ‘கேஸ் இல்லை’ ஏன் ஓய்வதில்லை? மெக்கானிக்கின் அறியாமை என்று சொல்லி முடித்துவிடுவது அநியாயம். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் படித்து வந்தவர்களுக்கு சூப்பர்ஹீட் தெரியும். வளைகுடாவில் 48 டிகிரி வெயிலில் சில்லர் ஓட்டிவிட்டுத் திரும்பிய நம் ஆட்கள் எந்த ஊர் மெக்கானிக்குக்கும் சளைத்தவர்கள் அல்லர். அவர்களுக்குக் கூலி எதற்குக் கிடைக்கிறது என்று பாருங்கள். கேஸ் ஏற்றினால் பில் போடலாம். பார்ட் மாற்றினால் பில் போடலாம். ஒரு மணி நேரம் அளந்து, யோசித்து, ‘காயிலைக் கழுவினேன், வேறு பழுது இல்லை’ என்று சொன்னால், “சும்மா கழுவினதுக்கா இவ்வளவு?” என்ற கேள்வி வரும். கண்டுபிடிப்பதற்குக் கூலி தராத ஊரில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். வருடப் பராமரிப்பு ஒப்பந்தங்களும் இப்படித்தான்: மலிவான விலை சொன்னவருக்குப் போகின்றன, அவர் மூன்று மாதத்துக்கொரு முறை கையெழுத்து வாங்க ஆள் அனுப்புகிறார்.

இது கடைக்காரரின் நஷ்டத்தோடு நிற்பதில்லை. ஒரு கிலோ ஆர்-22 காற்றில் கலந்தால் 1810 கிலோ கரியமில வாயு கலந்த அளவுக்குப் பூமி சூடாகும். ஆர்-404ஏ என்றால் 3900 கிலோவுக்கு மேல். ஓட்டையை அடைக்காமல் வருடா வருடம் நிரப்புவது அவ்வளவையும் மெல்ல வானத்தில் விடுவதுதான். பழைய கேஸை உறிஞ்சிச் சேமிக்கும் ரெக்கவரி மெஷினை நம் கடைத்தெருவில் பார்ப்பது அரிது. 1987-இன் மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி ஆர்-22 இந்தியாவில் 2030-க்குள் ஒதுங்க வேண்டும். பழைய இயந்திரங்களின் சர்வீஸுக்கு மட்டும் சிறு அளவு 2040 வரை அனுமதி. 2016-இன் கிகாலித் திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றது. அதன்படி ஆர்-134ஏ, ஆர்-404ஏ வகைகளை 2032-இல் 10 சதவீதம் என்று குறைக்கத் தொடங்கி 2047-இல் 85 சதவீதம் குறைக்க வேண்டும். 2019-இல் வெளியான தேசியக் குளிரூட்டல் செயல்திட்டம் ஒரு லட்சம் சர்வீஸ் தொழிலாளர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தருவதை இலக்காக வைத்தது. நல்ல இலக்கு. ஆனால் சான்றிதழ் வைத்திருப்பவருக்கும் வைத்திராதவருக்கும் ஒரே கூலி கொடுக்கும் வாடிக்கையாளர் இருக்கும்வரை அந்தத் தாளுக்குச் சுவரில் மாட்டுவதைத் தாண்டி மதிப்பு வராது.

ஆகவே இயந்திரம் வைத்திருப்பவர்களிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பிளாண்டில் ஒரு நோட்டு வையுங்கள். இரு பக்க அழுத்தம், தண்ணீர் அல்லது காற்றின் நுழைவு-வெளியேற்ற வெப்பம், மூன்று ஃபேஸின் வோல்டேஜ், ஆம்ப்ஸ் இவற்றைத் தினமும் ஒருவர் எழுதட்டும். மெக்கானிக் வந்தால் அந்த நோட்டைக் கொடுங்கள், சூப்பர்ஹீட்டும் சப்கூலிங்கும் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள், அளந்ததற்கு என்று தனியாகப் பணம் கொடுங்கள். அதன் பிறகும் கேஸ் குறைவு என்றே அவர் சொன்னால் ஓட்டை எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். காட்டும்வரை சிலிண்டரைத் திறக்க விடாதீர்கள்.